வீட்டிலேயே நாய்க்குப் பச்சைக்கறி உணவு: எலும்பு, ஈரல், ஃப்ரீசர்

நாய்க்குப் பச்சைக்கறி கொடுக்க ஆரம்பிக்கும் பலரும் கோழிக்கடையில் அரைகிலோ எலும்பில்லாத கறி வாங்கிவந்து தட்டில் போட்டுவிட்டு, ரெண்டே நிமிஷத்தில் நாய் தட்டை நக்கி முடித்ததைப் பார்த்து, சரி, இது நமக்கு ஒத்துவரும் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நாய் ஆசையாகத் தின்கிறதா என்பதை ஒரு கணக்காகவே எடுக்காதீர்கள், கறி என்றால் எந்த நாயும் தின்னும். எலும்பு எவ்வளவு, ஈரல் மாதிரி உள்ளுறுப்பு எவ்வளவு, கடையிலிருந்து தட்டுக்கு வரும்வரை கறி குளிரிலேயே இருந்ததா, இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் அது நாய்க்கு ஆகாரம். கோழியா ஆடா, நாட்டுக்கோழியா பிராய்லரா என்பதெல்லாம் அப்புறம் யோசிக்க வேண்டியது. இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டு வெயிலில், தெருமுனைக் கறிக்கடையில் கிடைப்பதை வைத்து, வீட்டு ஃப்ரிட்ஜிலேயே செய்துகொள்கிற முறை. எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை, வளர்ந்த பெண் நாய், கிட்டத்தட்ட 20 கிலோ. கணக்கெல்லாம் அதை வைத்துத்தான் போட்டிருக்கிறேன், உங்கள் நாயின் எடைக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

யார் வீட்டில் இது வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், கீமோ மாதிரி சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் பச்சைக்கறி வேண்டாம், அதே பொருட்களை வேகவைத்துக் கொடுங்கள். பச்சைக் கோழிக்கறியில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் கிருமிகள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாய்க்கு ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம், ஆனால் அதன் வாயிலும் மலத்திலும் கிருமி இருக்கும், அந்த வாயாலேயே குழந்தையின் முகத்தை நக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012லேயே பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று தன் நிலைப்பாட்டை அறிவித்துவிட்டது. இங்கேயும் பல டாக்டர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தும் செய்வதென்றால் சுத்தமாகச் செய்யுங்கள். கணையம், சிறுநீரகம், ஈரல் கோளாறு உள்ள நாய், ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கும் நாய், ஆறு மாதம் நிரம்பாத பெரிய இனக் குட்டி, இவற்றுக்கும் நீங்களாகவே ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது ஆட்டுக்குடல் சமாச்சாரம். கறிக்கடையில் மிஞ்சும் குடல், ஈரல், நுரையீரலை "நாய்க்குத்தானே, எடுத்துட்டுப் போங்க" என்று சும்மாவே கொடுப்பார்கள். அதைப் பச்சையாக ஒருநாளும் போடாதீர்கள். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் எக்கினோகாக்கஸ் என்கிற நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் குடலில் சில மில்லிமீட்டரே நீளமுள்ள புழுக்கள் வளர்ந்து மலத்தில் முட்டை போடும், நாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மலத்தில் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த முட்டை நம் கைவழியாக வாய்க்குள் போனால் நம் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி உருவாகி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும், ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால் ஆடு, மாட்டின் உள்ளுறுப்பு எதுவாக இருந்தாலும் என் வீட்டில் அரைமணி நேரம் கொதித்த பிறகுதான் தட்டுக்கு வரும். "முழுக்கப் பச்சையாகக் கொடுத்தால்தான் சத்து" என்று யாராவது வாதாடினால் இந்த இடத்தில் மட்டும் காது கொடுக்காதீர்கள். பன்றிக்கறியும் பச்சையாக வேண்டாம்.

இப்போது அளவு. வளர்ந்த நாய்க்கு அதன் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஒரு நாளைக்கு என்பது பச்சை உணவு கொடுப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 20 கிலோ நாய்க்கு நடுவாக 2.5 சதவீதம் வைத்தால் 500 கிராம், வாரத்துக்கு மூன்றரை கிலோ. அதில் 70 சதவீதம் சதைக்கறி, 10 சதவீதம் எலும்பு, 10 சதவீதம் உள்ளுறுப்பு, 10 சதவீதம் காய்கறி. தினமும் தட்டில் இந்த விகிதம் துல்லியமாக அமையவேண்டும் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதீர்கள், வாரக் கணக்கில் சரியாக வந்தால் போதும். எங்கள் வீட்டு ஒரு வாரச் சாமான் இது:

கோழிக் கழுத்தும் முதுகுக்கூடும் 700 கிராம்
எலும்பு நீக்கிய கோழித்தொடை 1200 கிராம், பாதியாவது தோலோடு
கோழி இதயமும் கிஸர்டும் 300 கிராம்
மத்தி மீன் 400 கிராம், வேகவைத்தது
எலும்பில்லாத ஆட்டுக்கறி அல்லது மாட்டுக்கறி 200 கிராம்
கோழி ஈரல் 175 கிராம்
ஆட்டுக் கிட்னி அல்லது சுவரொட்டி 175 கிராம், கொதிக்கவைத்தது
பரங்கிக்காய், கேரட், பீன்ஸ், கொஞ்சம் முருங்கைக்கீரை சேர்த்து 350 கிராம், வேகவைத்து மசித்தது

கழுத்திலும் முதுகுக்கூட்டிலும் ஏறக்குறைய பாதி எலும்பு, பாதி கறி என்று வைத்துக்கொண்டால் 700 கிராமில் 350 கிராம் எலும்பு வந்துவிடும், மீதி சதைக் கணக்கில் சேரும். இதயமும் கிஸர்டும் உள்ளே இருந்து எடுப்பதுதான் என்றாலும் சத்துக் கணக்கில் அவை சதைதான், அதை உள்ளுறுப்புப் பங்கில் எழுதி ஈரலை விட்டுவிட்டால் வைட்டமின் ஏ, தாமிரம் எல்லாம் குறைந்துபோகும். அதற்காக விலை குறைவு என்று ஈரலை அள்ளிப் போடவும் கூடாது. வைட்டமின் ஏ உடம்பில் தங்கும், மாதக்கணக்கில் மிஞ்சினால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். ஈரல் மொத்தத்தில் 5 சதவீதம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எலும்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சதைக்கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டும் குறைந்தது சமமாகவாவது, கால்சியம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இன்னும் நல்லது, அப்படி இருக்கவேண்டும். வெறும் கறியாகவே போட்டுக்கொண்டிருந்தால் ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். வளரும் குட்டிக்கு இது சில வாரங்களிலேயே கால் வளைவு, நொண்டல், லேசாகக் குதித்தாலே எலும்பு முறிவு என்று தெரிந்துவிடும், பெரிய நாய்க்கு மெதுவாகத் தெரியும். பால்சோறும் வெறும் கறியும் போட்டு வளர்த்த லாப்ரடார் குட்டிகள் முன்னங்கால் வில்லாக வளைந்து டாக்டரிடம் வருவது நம் ஊரில் புதிதல்ல. கூடவே, கால்சியம் நல்லதாமே என்று கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனக் குட்டிக்கு இஷ்டத்துக்கு சிரப் ஊற்றுவதும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

எலும்பு மெல்லத் தெரியாத நாய், பல் போன கிழநாய், பொமரேனியன், பக் மாதிரி சின்ன நாய், இவற்றுக்கு எலும்பே வேண்டாம், முட்டை ஓடு போதும். ஓட்டைக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக்கூடாது, டால்கம் பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 முதல் 6 கிராம். எலும்பும் கொடுத்து ஓட்டுத்தூளும் போடாதீர்கள், ஏதாவது ஒன்றுதான்.

தோலோடு என்று ஏன் சொன்னேன் என்றால், தோலுரித்த பிராய்லர் கறியில் கொழுப்பு ரொம்பக் கம்மி. மாவுச்சத்தே இல்லாத இந்த உணவில் நாய்க்குத் தெம்பு கொழுப்பிலிருந்துதான் வரவேண்டும். 500 கிராம் கொடுத்தும் விலா எலும்பு நாளுக்கு நாள் எடுப்பாகத் தெரிந்தால் தோலைக் கூட்டுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் மொத்த அளவைக் கூட்டுங்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு இயல்பிலேயே கடைசி ரெண்டு மூன்று விலா தெரியும், அது பரவாயில்லை. ஓடியாடாமல் கிடக்கும் வயதான நாய் என்றால் தோலைக் குறைத்துவிடுங்கள், கொழுப்பு கூடினால் கணையம் வீங்கும் ஆபத்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மத்தியை வேகவைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பச்சை மத்தியில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துபோகும். தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் ரெண்டு கொதி விட்டு, நடுமுள்ளை உருவிவிட்டுப் போடலாம். வைட்டமின் டியும் ஒமேகா-3யும் இந்த உணவில் பெரும்பாலும் மத்தியிலிருந்துதான் வருகின்றன, அதனால் நாற்றம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கடைக்குப் போகும் நேரம் முக்கியம். காலையில் கடை திறந்து முதல் கோழி வெட்டும்போதே போய்விடுங்கள், மத்தியானம் வரை கம்பியில் தொங்கிய கறியை நாம் நன்றாக வேகவைத்துத் தின்னலாம், பச்சையாக நாய்க்குப் போட அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போய் கழுத்தைத் தனியாகக் கொடு, ஈரலைத் தனியாகக் கொடு என்று நின்றால் கடைக்காரருக்கும் எரிச்சல், வார நாளில் போய், "அண்ணே, வாரா வாரம் வருவேன், கழுத்து, முதுகு, ஈரல் எல்லாம் தனித்தனிக் கவர்ல போட்டுடுங்க" என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால் அப்புறம் அவரே எடுத்து வைத்துவிடுவார். ஆட்டுக்கடையில் "பாய், சுவரொட்டி இருக்கா?" என்று கேட்பதானால் இன்னும் சீக்கிரம் போங்கள், அதற்கு ஆள் போட்டி அதிகம். ஆட்டுக் குரல்வளைப் பகுதியைச் சேர்த்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் தைராய்டு சுரப்பி ஒட்டியிருக்கும், தொடர்ந்து தின்றால் நாயின் உடம்பில் தைராய்டு கூடிவிடும். ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப்போனால் வீடு வரும்வரை கறி சூடேறாது.

வீட்டுக்கு வந்ததும் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். மஞ்சள் போட்டுக் கழுவினால் கிருமி செத்துவிடும் என்பது நம் அடுப்படிகளில் ஊறிப்போன நம்பிக்கை, கிருமி சாகாது, தண்ணீரோடு தெறித்துப் பக்கத்தில் இருக்கும் டம்ளரில் போய் உட்காரும். ஒரு பேப்பரை விரித்து, கழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் கீழ்முனையில் தீவனப்பை ஒட்டிக்கொண்டு இருக்கும், மஞ்சளாக மக்காச்சோளக் குருணை உள்ளே தெரியும், புளித்த வாடை அடிக்கும். அதைச் சவ்வோடு சேர்த்து அறுத்து எறிந்துவிட்டு மீதியைத் திசுத்தாளால் ஒற்றி எடுங்கள். நாய்க்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. எலும்பை வீட்டு மிக்ஸியில் அரைக்க முயலவேண்டாம், பிளேடு போய்விடும். அப்புறம் ஒருநாளைக்கு ஒரு டப்பா என்று எடை போட்டுப் பிரித்து, மூடியில் மார்க்கரால் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.

வாங்கிய அன்றே பச்சையாகக் கொடுக்காமல் இரண்டு வாரம் உறையவைத்துக் கொடுங்கள், இரண்டு வாரச் சாமான் முன்கூட்டியே கையிருப்பில் இருக்கிறமாதிரி வாங்கினால் இது தானாக நடக்கும். உறைநிலையில் கறியில் உள்ள ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சாகும், காம்பைலோபாக்டர் கணிசமாகக் குறையும். சால்மொனெல்லா மட்டும் சாகாது, தூங்கிக்கொண்டிருக்கும், ஃப்ரீசரில் இருந்ததுதானே என்று கையை அலட்சியமாக விடாதீர்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போகவேண்டும், பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் பெட்டி அந்தக் குளிருக்குப் போகுமா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் வராமல், கறி அமுக்கினால் குழைகிற நிலைக்கு வந்துவிட்டால் திரும்ப உறையவைக்காதீர்கள், குக்கரில் போட்டுவிடுங்கள், எலும்பை மட்டும் எடுத்துவிட்டு. உறைந்ததை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் பதமாக இருக்கும். நம் ஊர் வெயிலில் அடுப்பு மேடையில் வைத்து உருகவிடுவது கிருமிக்கு விருந்து வைப்பதுதான்.

முதல் இரண்டு வாரம் கோழி மட்டும் போதும். கறி, கொஞ்சம் கழுத்து, மசித்த பரங்கிக்காய், வேறு ஒன்றும் வேண்டாம். வயிறு பழகியபிறகு ஈரலை சுண்டுவிரல் நகம் அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள், எடுத்த எடுப்பில் முழுப் பங்கு ஈரல் போட்டால் பேதிதான். அப்புறம் மீன், அப்புறம் ஆடு. வேகவைத்த முட்டை வாரத்துக்கு ரெண்டு மூன்று சேர்க்கலாம்.

கழுத்தைக் கொடுக்கும்போது முதல் சில நாள் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். நாய் கடைவாய்க்குத் தள்ளி, தலையைச் சாய்த்து, கரக் கரக்கென்று நாலைந்து கடி கடித்துத்தான் விழுங்கவேண்டும், அந்தச் சத்தம் காதில் விழவேண்டும். முழுசாக முழுங்கப் பார்க்கும் நாயாக இருந்தால் கழுத்தை வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் நசுக்கிக் கொடுங்கள், அப்படியும் முழுங்கினால் எலும்பை விட்டுவிட்டு ஓட்டுத்தூளுக்கு மாறுங்கள். ஆட்டுத்தொடை எலும்பு, மாட்டு நல்லி எலும்பு வேண்டவே வேண்டாம், மேல் கடைவாய்ப் பல் பாளமாகப் பிளந்துவிடும். வெந்த எலும்பு எந்த மிருகத்தினுடையதானாலும் கூடாது, ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும், பிரியாணி எலும்பும் அதில் அடக்கம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சைலிட்டால் கலந்த பண்டங்கள், இவை நாய்க்கு விஷம்.

தினமும் மலத்தைப் பாருங்கள், உணவில் எது கூட எது குறைச்சல் என்று அதுவே காட்டிவிடும். வெள்ளையாய், சுண்ணாம்புக் கட்டியாய், நாய் முக்கி முனகிப் போனால் எலும்பு அதிகம், அடுத்த இரண்டு நாள் எலும்பில்லாமல் கொடுங்கள். கறுத்து, கொழகொழவென்று இருந்தால் ஈரல் அதிகம். பசை மாதிரி மினுக்கினால் கொழுப்பு அதிகம். ரத்தம் தெரிந்தாலோ, வாந்தியோடு பேதி ஒருநாளைத் தாண்டினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். இன்னொன்று: பச்சைக் கோழிக்கறி, முக்கியமாகக் கழுத்து, தின்னும் நாய்களுக்குக் கால்கள் தளர்ந்துபோகும் ஒரு நரம்பு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மெல்பர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018இல் எழுதினார்கள், காம்பைலோபாக்டரோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் கண்டார்கள். அபூர்வமான நோய்தான். ஆனாலும் பின்னங்கால் தள்ளாடினாலோ, குரைக்கும் குரல் மாறினாலோ "வெயில்ல சோர்ந்துருக்கும்" என்று விட்டுவிடக்கூடாது. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால், நம் பக்கம் இன்னும் வரவில்லையே என்று காத்திருக்காமல், அடங்கும்வரை கோழியை வேகவைத்தே கொடுங்கள், வீட்டில் பூனையும் இருந்தால் இதில் சமரசமே கூடாது.

பச்சைக்கறி தின்றால் நாய் மூர்க்கமாகிவிடும், வெறி பிடித்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வெறிநோய் வைரஸால் வருவது, தடுப்பூசியை வருஷா வருஷம் தவறாமல் போடுங்கள், கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எலும்பு கையில் இருக்கும்போது சாதுவான நாய்கூட உறுமும் என்பது உண்மை. அதனால் ஒரு மூலையில், ஒரே இடத்தில் வைத்துக் கொடுங்கள், தின்று முடிக்கும்வரை பிள்ளைகளை அந்தப்பக்கம் விடாதீர்கள். இருபது நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். தட்டையும் தரையையும் சோப்புப் போட்டுக் கழுவி, உங்கள் கையையும் கழுவுங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நாய்களைக் கொண்டுபோய்க் காட்டலாம். மேலே கொடுத்த பட்டியலில் வைட்டமின் ஈ, துத்தநாகம், அயோடின், மாங்கனீஸ் நான்கும் குறையத்தான் செய்யும், பட்டியலை அப்படியே டாக்டரிடம் காட்டி இதற்கு என்ன சேர்க்கலாம் என்று கேளுங்கள். பூச்சி மாத்திரையையும் அவரிடமே கேட்டு, நாடாப்புழுவுக்கும் சேர்த்து வேலை செய்கிறதாக வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது நாயைப் பக்கத்து வீட்டிலோ தங்கும் விடுதியிலோ விட்டால் அங்கே பச்சைக்கறியைப் பத்திரமாகக் கையாளுவார்கள் என்று எதிர்பார்க்கமுடியாது. அதற்கென்று நாலு நாள் முன்னாலேயே கழுத்தையும் முதுகையும் எடுத்துவிட்டு, மீதிக் கறியை வேகவைத்து, ஆறியபிறகு ஓட்டுத்தூள் கலந்து, டப்பாவில் நாள் எழுதி உறையவைத்துக் கொடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் ரெண்டு நாள் வீட்டிலேயே அதைக் கொடுத்துப் பழக்கிவிட்டால் போன இடத்தில் வயிறு கெடாது.